அறக்கொடைப் பொருளும் கணக்கு வினாவும்

பூவிருந்தவல்லிக்கு மேற்கே, பெங்களூர்ப் பெருவழியின் தென்பால், செம்பரம்பாக்கம் ஏரியின் கரை நெடுந்தொலைவு நீண்டு கிடக்கின்றது. நிறைநீர் மட்டம் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. மிகுநீர் அடையாறாய்க் கிழக்கே ஓடிக் கடல் சேர்கின்றது. இன்று சென்னை மாநகர்க்குக் குடிநீர் தரும் ஏரிகளுள் ஒன்றாக அறியப்படும் இது, முன்பு அக்கம்பக்கத்து ஊர்களின் நஞ்சைக்கு நீர் அளித்து வந்தது. ஏரிக்கு விடப்பட்ட பொருள் எவ்வாறு காக்கப்பட்டது, எவ்வாறு கெட்டது என்பது பற்றித் தொண்டை மண்டலக் கல்வெட்டுகள் கூறுவனவற்றை ஏரிக்கரையிலேயே நின்று விளக்கின் நன்றாகும் எனக் கருதி, ஆய்வு மாணவர் சிலரை அவ்விடத்திற்கு அழைத்துச் சென்றிருந்தோம்.

மதகருகே நின்று யாம் பேசி முடித்தபின், வேறொரு நிறுவனத்திலிருந்து உடன் வந்திருந்த மாணவர் ஒருவர் தனியே வந்து ஒரு செய்தி கூறினார். அவர் முனைவர்ப் பட்டத்திற்கு ஆய்கின்றவர். அவருடைய நெறியாளர் பொறுப்பில் ஓர் ஆய்வுத் திட்டமும் அதற்கென வந்த நல்கைப் பணமும் உள. போகாத ஊர்களுக்குப் போனதாகப் பயணச் செலவுச் சீட்டுகளில் கையெழுத்து இடுமாறும், தமக்கு வரும் மாத உதவித்தொகையில் ஒரு பகுதியைப் பணமாகத் திருப்பித் தருமாறும் தம்மிடம் கேட்கப்படுவதாகக் கூறினார். வாங்கியதாக எழுதப்பட்ட கருவிகளுள் சிலவற்றைத் தாம் கண்ணாற் கண்டதில்லை என்றும் கூறினார். ஆய்வேடு முடிய இன்னும் ஈராண்டு உண்டு. அதில் ஒப்பமிட வேண்டிய கையும் அதே கை. 'ஐயா, பழங்காலத்தில் இப்படி நேர்ந்தால் யார் கேட்டார்கள்? எப்படிக் கேட்டார்கள்?' என்று அவர் வினவினார். அப்பொழுது யாம் தக்க விடை கூற இயலவில்லை. அவ்விடையைத் தேடியதன் பயனே இக்கட்டுரை. அம்மாணவர் பெயரும் அவர் நிறுவனமும் ஈண்டு வேண்டா.

எண்ணாயிரமும் திருமுக்கூடலும்

கற்பார்க்கெனப் பொருள் ஒதுக்குதல் நம் நாட்டிற்குப் புதியதன்று. முதல் இராசேந்திரன் காலத்தில், கி.பி. 1025ஐ ஒட்டி, தென்னார்க்காட்டு எண்ணாயிரத்தில் ஒரு கல்லூரி நடைபெற்றது. அதில் 340 மாணவர் பயின்றனர். அவருள் 270 பேர் இளநிலையினர். 70 பேர் மேனிலையினர். மேனிலையினருள் வியாகரணம் கற்றார் 25 பேர், பிரபாகர மீமாம்சை கற்றார் 35 பேர், வேதாந்தம் கற்றார் 10 பேர். இளநிலை மாணவர்க்கு நாள்தோறும் ஆறு நாழி நெல். மேனிலையினர்க்குக் குறுணி இரு நாழி, அஃதாவது பத்து நாழி. நிலம் 45 வேலி இதற்கென விடப்பட்டது. இக்காலத்து இளநிலை ஆய்வுதவித்தொகை, முதுநிலை ஆய்வுதவித்தொகை என்னும் பாகுபாட்டை அறிந்தார்க்கு அக்கல்வெட்டு மிக அணுக்கமாகத் தோன்றும். பல்கலைக்கழக நல்கைக் குழு 2023ஆம் ஆண்டு சனவரி முதல் நிறுவிய அளவு முன்னதற்குத் திங்கள்தோறும் 37,000 ரூபாயும் பின்னதற்கு 42,000 ரூபாயும் ஆகும். எண்ணாயிரத்தில் ஆறுக்குப் பத்தாக இருந்த ஏற்றம் இன்று அத்துணை இல்லை என்பதை மாணவர் நகையாடிக்கொள்ளலாம்.

வீரராசேந்திரன் (கி.பி. 1063–1070) காலத்துத் திருமுக்கூடற் கல்வெட்டு இன்னும் நுணுகியது. பாலாறும் வேகவதியும் செய்யாறும் கூடுமிடத்து அமைந்த அக்கோயிலில் வேதமும் இலக்கணமும் கற்பிக்கும் பள்ளியும், மாணவர் உறையுளும், 15 படுக்கை கொண்ட மருத்துவச் சாலையும் இருந்தன. மருத்துவனுக்கு இத்துணை, அறுவை செய்வானுக்கு இத்துணை, மருந்து கொணர்வார்க்கு இத்துணை, பணிப்பெண்டிர்க்கு இத்துணை என ஒவ்வொன்றும் வகுக்கப்பட்டது. ஓராண்டிற்கு இருப்பு வைக்க வேண்டிய மருந்துகள் பெயர் பெயராய் எழுதப்பட்டுள்ளன. மாணவர் சனிக்கிழமை தலைக்கிட்டுக்கொள்ளும் எண்ணெயும், படுக்கும் பாயும், இரவு எரியும் விளக்கும் கூட விடுபடவில்லை.

இந்நுணுக்கத்தைக் கண்டு பலரும் சோழர் ஆட்சியின் ஒழுங்கைப் பாராட்டி அமைவர். எமக்குத் தோன்றுவது வேறு. ஒரு செலவைக் கல்லில் இவ்வளவு பிரித்து எழுதுவது, அது குறையும்பொழுது குறைவு கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே. 'மாணவர் நலத்திற்கு' என ஒரு தொகையை மொத்தமாக எழுதிவிட்டால், எண்ணெய் இல்லாத சனிக்கிழமையைச் சுட்டி யாரும் எதுவும் கேட்க இயலாது. எண்ணெய் என்று எழுதியிருந்தால், தலை காய்ந்த மாணவனே சான்றாகின்றான். அம்மாணவன் வாய் திறந்து கேட்டதாகக் கூறும் கல்வெட்டு எதனையும் யாம் கண்டதில்லை என்பதனையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

திருவல்லத்தில் ஒரு நாள்

வினவியவர் ஒருவரைக் காட்டும் கல்வெட்டு வேலூர்ப் பக்கத்துத் திருவல்லத்தில் உளது. அது முதல் இராசராசனின் ஏழாம் ஆட்சியாண்டிற்கு உரியது, கி.பி. 991–92 எனக் கொள்ளலாம். மதுராந்தகன் கண்டராதித்தனார் என்பவர் அவ்வூர்க்கு வந்து இறைவனுக்கு ஆயிரம் குடம் நீராட்டி வணங்கி நின்றார். இவரை உத்தம சோழன் மகனார் என்பர் வரலாற்றறிஞர். வணங்கி நிற்கும்பொழுதே அவர் கண் அங்குள்ள குறைகளிற் சென்றது. மூன்று காலமும் படைக்கும் அமுது இரு நாழி அரிசியாகச் சுருங்கியிருந்தது, கறியமுதும் நெய்யும் தயிரும் நின்றுபோயின, நந்தாவிளக்குகள் பேணப்படவில்லை. உடனே அவர் கோயிற் சிவப்பிராமணரையும் ஊர்ச் சபையாரையும் அழைப்பித்து, இத்தேவர்க்கு வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு எனச் சொல்லுமாறு பணித்தார்.

இந்நிகழ்ச்சியில் யாம் கருத்தூன்றுவது அவர் கேட்ட கேள்வியின் வடிவத்தில். 'நெய்யை உண்டவன் யார்?' என அவர் கேட்டிலர். நெய் நின்றுபோனதைக் கண்டார்; வரவு செலவைக் கேட்டார். முன்னது கண்ணாற் கண்ட செய்தி. பின்னது எவரும் மறுக்கவொண்ணாத கேள்வி. இவ்விரண்டிற்கும் இடையில் ஊகத்தை அவர் நுழைக்கவில்லை. வறட்சியால் வரவே குறைந்திருக்கலாம்; நிலம் ஆற்றில் அழிந்திருக்கலாம்; ஒருவன் திருடியும் இருக்கலாம். எதுவாயினும் கணக்கிலே தெரியும்.

ஆயினும் ஒன்றை மறைத்தல் கூடாது. கேட்டவர் அரச குடும்பத்தினர். அவ்வூரில் அவர் உண்ணும் சோறு சபையார் தந்ததன்று. நாளை அவர்க்கு அவர்களால் வருவதொரு தீங்கும் இல்லை. அதே குறையை அதற்கு முன்பு நாள்தோறும் கண்டிருக்கக்கூடியவர்கள் விளக்கிடுவானும் பூத்தொடுப்பானும் போன்ற கோயிற் பணியாளர். அவர்கள் வாயில் அக்கேள்வி எழுந்ததா என்பது பற்றிக் கல் ஒன்றும் கூறவில்லை.

உத்தரமேரூரில் கணக்கன்

குடவோலையால் உலகறிந்த உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் இரண்டும் முதற் பராந்தகனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அஃதாவது கி.பி. 919, 921இல் எழுந்தவை. முப்பது குடும்பு, சம்வற்சர வாரியத்திற்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்திற்குப் பன்னிருவர், ஏரி வாரியத்திற்கு அறுவர் என்பன பள்ளி மாணவரும் அறிந்த செய்திகள். மேடைகளில் இவை மக்களாட்சிக்குச் சான்றாகப் பெரிதும் பேசப்படுகின்றன. வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேலும், தன் மனையிலே எடுத்த அகமும், வேதக் கல்வியும் உடையார்க்கு மட்டுமே ஓலை எழுதப்பட்டது என்பதை அப்பேச்சாளர் பெரும்பாலும் விரைந்து கடந்துவிடுவர். எம் கருத்தில் அவை தேர்தலைப் பற்றியவை என்பதினும் கணக்கைப் பற்றியவை எனல் பொருந்தும்.

முதல் விதியில் முப்பது முதல் அறுபது வரை என்றிருந்த வயதெல்லை இரண்டாவதில் முப்பத்தைந்து முதல் எழுபது வரை எனத் திருத்தப்பெற்றது. இரண்டே ஆண்டில் விதியைத் திருத்தி மீண்டும் கல்லில் வெட்டினர் எனின், முதல் விதி போதவில்லை என்பது வெளிப்படை. தீயோர் கெட்டு நல்லோர் தழைத்தற் பொருட்டே இவ்வேற்பாடு என்று சபையாரே கூறுதலின், அவ்வூரில் வாரியப் பொருள் யாதோ ஒரு வகையில் கெட்டிருந்தது என உய்த்துணர்தல் தவறாகாது.

விலக்கப்பட்டவர் யார் யார் என நோக்குவோம். முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதிருந்தவன் முதலாவதாகக் கூறப்படுகின்றான். அவனோடு அவன் சிற்றன்னை பேரன்னை மக்களும், அத்தை மக்களும், மாமனும், மாமனாரும், உடன்பிறந்தாள் கணவனும், மருமகனும், தந்தையும், மகனும் என உறவினர் வரிசை நீள்கின்றது. இவர் எவர் பெயரும் குடத்தில் இடப்பெறாது. பிறர் பொருள் கவர்ந்தவனும் விலக்கப்பட்டோர் வரிசையில் உளன். கணக்குக் காட்டாமையும் களவும் ஒரே பட்டியலில் நிற்கின்றன. களவை மெய்ப்பிக்க வேண்டும். கணக்குக் காட்டாமையை மெய்ப்பிக்க வேண்டுவதில்லை, கணக்கு இல்லாமையே அதற்குச் சான்று. குற்றம் செய்யாத உறவினரையும் தண்டித்தல் எமக்கு உடன்பாடன்று. எனினும் அவ்விதி எழுந்ததன் காரணம் விளங்குகின்றது: தந்தை விட்டுச் சென்ற வாரியத்தில் மகன் அமர்ந்தால் தந்தையின் கணக்கை எவரும் திறவார்.

இதனினும் சிறந்த விதி ஊர்க் கணக்கனைப் பற்றியது. பலரும் இதனைக் குறிப்பதில்லை. கணக்கெழுதுவான் நேரிய ஈட்டமுடையவனாக இருத்தல் வேண்டும். தான் எழுதிய கணக்கைப் பெருங்குறிப் பெருமக்களிடம் காட்டித் தூயன் எனத் தெளிவு பெறாமுன் அவன் மீண்டும் அப்பணிக்கு வருதல் கூடாது. மேலும், தான் எழுதிய கணக்கைத் தானே காட்டுதல் வேண்டும். வேறொரு கணக்கன் புகுந்து அதனை முடித்தல் ஆகாது. இவ்விதியின் கூர்மையை அலுவலகங்களில் பழகினோர் நன்கு உணர்வர். பழைய எழுத்தர் மாறிவிட்டார், கோப்பு அவரிடம் இருந்தது, புதியவர்க்கு ஒன்றும் தெரியாது என்னும் விடையை ஆயிரத்து நூறு ஆண்டுகட்கு முன்பே உத்தரமேரூரார் எதிர்பார்த்து அடைத்துவிட்டனர்.

பச்சையப்பர் அறக்கட்டளை

இனிக் கல்வெட்டுக் காலத்தை விட்டுச் சென்னை நகர்க்கு வருவோம். கிழக்கிந்தியக் கும்பினியார் நாட்டைக் கைக்கொண்டபின், அறநிலையங்களின் பழைய கண்காணிப்பு பல இடங்களில் அறுபட்டது. பள்ளிவாசல், கோயில், கல்லூரி ஆகியவற்றிற்கு விடப்பட்ட நிலங்களின் வருவாய் கொடுத்தோர் கருத்திற்கு மாறாகச் செல்கின்றது எனக் கண்டே, சென்னை அரசு 1817ஆம் ஆண்டின் ஏழாம் ஒழுங்குமுறைச் சட்டத்தை இயற்றி, அவற்றின் மேற்பார்வையை வருவாய் வாரியத்தின்பால் வைத்தது. கல்லூரி என்னும் சொல் அச்சட்டத்தின் தலைப்பிலேயே இருத்தல் நோக்கத்தக்கது.

அக்காலத்துப் பெருவழக்கு பச்சையப்ப முதலியாரது அறக்கொடை பற்றியதாகும். 1754இல் பிறந்து, இளமையில் வறுமையுற்று, துபாசித் தொழிலால் பெரும்பொருள் ஈட்டிய அவர், 1794 மார்ச்சுத் திங்களில் தம் செல்வத்தை அறங்கட்கு எழுதிவைத்துச் சில நாட்களில் மறைந்தார். அவர்க்கு அப்போது வயது நாற்பது. விருப்பாவணத்தை நிறைவேற்றும் பொறுப்பு அவர் நம்பியோர் கையில் வந்தது. அதன்பின் நிகழ்ந்தவை வழக்கமானவை: உரிமைப் பூசல், கைமாற்றம், அறம் நின்றுபோதல், நீதிமன்றம். செல்வம் இருந்தது, எழுத்தும் இருந்தது. எழுத்தின்படி நடக்குமாறு வற்புறுத்தக்கூடியவர் இல்லை. அவ்வறத்தால் பயன்பெற வேண்டிய கோயிற் பணியாளரும் வறியோரும் சுப்ரீம் கோர்ட்டுப் படி ஏறி ஆங்கில வழக்கறிஞரை அமர்த்த வல்லாரல்லர்.

இறுதியில் கேட்டவர் அரசுத் தலைமை வழக்கறிஞர். முன்னர்க் காம்ப்டனும், பின்னர் சார்ச்சு நார்ட்டனும் அப்பதவியில் இருந்து இதனை எடுத்து நடத்தினர். பொது அறம் என்பது ஒருவர் உடைமையன்று, ஆகலின் அதற்காகப் பேச ஒருவர் வேண்டும், அவர் அரசின் வழக்கறிஞர் என்பது ஆங்கிலச் சட்ட மரபு. நீதிமன்றம் ஓர் இலட்சம் வராகனை ஆவணத்திற் கண்ட அறங்கட்கு ஒதுக்கிற்று. வழக்கு நீண்ட காலமெல்லாம் வட்டி ஏறி மிகுந்துநின்ற பொருள் நான்கரை இலட்ச ரூபாய் அளவினது. அதனைக் கல்விக்குச் செலவிடல் வேண்டும் என்று நார்ட்டன் முயன்றார். பொறுப்பாளர் குழு ஒன்று அமைந்தது. 1842 சனவரி முதல் நாள் பச்சையப்பர் பெயரால் பள்ளி திறக்கப்பெற்றது. 1889இல் அது கல்லூரியாக உயர்ந்தது. 1940இல் சேத்துப்பட்டுக்கு இடம் பெயர்ந்தது.

1794 முதல் 1842 வரை நாற்பத்தெட்டு ஆண்டுகள் ஆகின்றன. காலந்தாழ்ந்ததனாலேயே வட்டி பெருகிப் பள்ளி பிறந்தது எனக் கூறி இதனை நல்லூழாகக் கொள்வாரும் உளர். யாம் அவ்வாறு கொள்ளோம். இடைப்பட்ட நாற்பத்தெட்டு ஆண்டில் அவ்வறத்தால் உண்டிருக்க வேண்டியவர் உண்ணாமலே இறந்தனர். அவர் பசியைப் பின்வந்த பள்ளி தீர்த்ததாகக் கணக்கெழுத முடியாது.

இவ்வழக்கின் பயன் பிற்காலச் சட்டத்திலும் தெரிகின்றது. 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 92ஆம் பிரிவின்படி, பொது அறக்கட்டளை கெட்டதெனின் தலைமை வழக்கறிஞர் வழக்கிடலாம். அன்றி, அவ்வறத்தில் ஈடுபாடுடைய இருவர் அல்லது பலர் கூடியும் வழக்கிடலாம். அதற்குத் தலைமை வழக்கறிஞர் இசைவு வேண்டும் என்றிருந்ததை 1976ஆம் ஆண்டுத் திருத்தம் நீதிமன்ற இசைவு என மாற்றிற்று. ஒருவர் என்னாது இருவர் எனச் சட்டம் கூறியதைக் கவனிக்க.

இராமானுசன் பெற்ற எழுபத்தைந்து ரூபாய்

பச்சையப்பன் கல்லூரியில் 1906இல் சேர்ந்து, தேர்வில் தேறாது வெளியேறிய மாணவர் ஒருவரின் வழியாகவே ஆய்வு நல்கையின் வரலாறு சென்னையில் சிறப்புப் பெறுகின்றது. கணித மேதை இராமானுசன் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் கணக்குப் பிரிவில் திங்கள் முப்பது ரூபாய்க்கு எழுத்தராக இருந்தார். சென்னைப் பல்கலைக்கழகம் 1913 மே முதல் ஈராண்டிற்கு எழுபத்தைந்து ரூபாய் ஆய்வுதவித்தொகை அவர்க்கு அளித்தது. பட்டம் இல்லாதவர்க்கு அளித்தமையால் அதனை ஒரு துணிவு எனவே கூற வேண்டும். ஒரே கட்டுப்பாடு, காலாண்டுக்கு ஒருமுறை தம் ஆய்வின் நிலையை எழுதித் தருதல். 1913 ஆகத்து, நவம்பர், 1914 மார்ச்சு ஆகிய திங்கள்களில் மூன்று அறிக்கைகள் தந்துவிட்டு அவர் கேம்பிரிட்சுக்குக் கப்பலேறினார்.

இங்கு நல்கை பெற்றவர்க்கும் அளித்தவர்க்கும் இடையே மூன்றாமவர் இல்லை. பணம் நேரே மாணவர்க்குச் சென்றது. அறிக்கை நேரே பல்கலைக்கழகத்திற்கு வந்தது. 1919 சனவரியில், நோயுற்றிருந்த நிலையில், இலண்டன் பட்னியிலிருந்து அவர் பல்கலைக்கழகப் பதிவாளர்க்கு ஒரு மடல் எழுதினார். தமக்கு அளிக்க முன்வந்த 250 பவுன் ஆண்டுத்தொகை தம் தேவைக்கு மிகுதி என்றும், பெற்றோர்க்கு 50 பவுன் போகத் தம் செலவு நீங்கி எஞ்சுவதை ஏழைச் சிறுவர், ஆதரவற்றோர் ஆகியோரின் பள்ளிச் சம்பளத்திற்குப் பயன்படுத்தலாம் என்றும் அதில் தெரிவித்தார். நல்கைப் பணத்தைப் பெற்றவர் திருப்பித் தந்த வரலாறும் நம்மிடையே உளது. ஆனால் அது எவரும் கேட்காமல், எழுத்தில், பதிவாளர்க்கே தரப்பட்டது. எம் மாணவரிடம் கேட்கப்பட்ட திருப்பித்தருதல் எழுத்திற்கு வாராத வகையினது.

இன்றைய நிலை

இன்று இருவகைப் பணம் உளது. நல்கைக் குழுவின் ஆய்வுதவித்தொகை மாணவர் வங்கிக் கணக்கிற்கு நேரே வருகின்றது. இராமானுசன் நிலையே அது. ஆய்வுத் திட்டத்திற்கு வரும் நல்கையோ நிறுவனத்தின் கணக்கிற்கு வந்து, திட்டத் தலைவர் ஒப்பத்தின்பேரில் செலவாகின்றது. ஆண்டு முடிவில் பயன்பாட்டுச் சான்றிதழ் ஒன்று நல்கை தந்த அமைப்பிற்குச் செல்லும். நடுவண் அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளில் அதற்கெனப் படிவம் உண்டு. பணம் எதற்குத் தரப்பட்டதோ அதற்கே செலவாயிற்று என்பது அதன் உள்ளீடு. தமிழ்நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்களை உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை தணிக்கை செய்கின்றது. விதிகள் குறைவில்லை. ஆனால் தணிக்கையாளர் பார்ப்பது தாளை. பயணச் சீட்டில் மாணவர் கையெழுத்து இருந்தால் பயணம் நடந்தது. அஃதாவது, அம்மாணவரின் கையெழுத்தே அங்குத் திருவல்லத்து நெய்யின் இடத்தில் நிற்கின்றது. கண்டராதித்தனார் வந்தாலும் குறை கண்ணுக்குத் தெரியாதபடி மறைப்பது அக்கையெழுத்துத்தான்.

மேலைநாட்டிலும் இத்தகைய கேட்டைக் கணக்கைக் கையாள்வோரே வெளிப்படுத்தியிருக்கின்றனர். அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம், புற்றுநோய் ஆய்வு நல்கை தகாத செலவுகட்குச் சென்றது என்னும் வழக்கில் 2013இல் ஏறத்தாழ 29 இலட்சம் டாலர் தந்து தீர்வு செய்துகொண்டது. அதனை எழுப்பியவர் பேராசிரியரல்லர். கொள்முதல் சீட்டுகளைக் கையாண்ட அலுவலகப் பணியாளர். உள்நாட்டுப் போர்க்காலத்தில் 1863இல் இயற்றிய பொய்க் கோரிக்கைச் சட்டம், அரசின் சார்பில் அவரே வழக்கிடவும் மீட்ட பொருளில் ஒரு பங்கு பெறவும் இடமளித்தது.

நம் நாட்டில் அத்தகைய காப்பு இல்லை. நெடுஞ்சாலைப் பணியில் நிகழ்ந்த ஊழலைத் தம் பெயர் வெளிப்படாதிருத்தல் வேண்டும் எனக் கேட்டுத் தலைமையமைச்சர் அலுவலகத்திற்கு எழுதிய பொறியாளர் சத்தியேந்திர துபே, 2003 நவம்பரில் கயையில் கொல்லப்பட்டார். அதன்பின் 2004இல் நடுவண் அரசு ஒரு தீர்மானம் செய்து, வெளிப்படுத்துவோர் பெயரை மறைத்துக் காக்கும் பொறுப்பை நடுவண் விழிப்புப்பணி ஆணையத்திற்கு அளித்தது. அது நடுவண் நிறுவனங்கட்கே செல்லும், மாநிலப் பல்கலைக்கழகங்கட்குச் செல்லாது. 2014இல் வெளிப்படுத்துவோர் பாதுகாப்புச் சட்டம் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்றது. பத்தாண்டு கடந்தும் அதனைச் செயலுக்குக் கொணரும் அறிவிக்கை வெளிவந்திலது. 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டம் ஒன்றே எளிய மாணவர் கைக்கு எட்டுவது. வரவு செலவைக் கேட்கும் திருவல்லத்துக் கேள்வியைப் பத்து ரூபாய்க் கட்டணத்தில் எவரும் இன்று கேட்கலாம்.

மாணவர்க்குக் கூறிய விடை

செம்பரம்பாக்கத்திலிருந்து திரும்பிச் சில வாரங்கட்குப் பின் அம்மாணவர் எம்மைக் காண வந்தார். மேற்கூறியவற்றையெல்லாம் அவரிடம் கூறினோம். 'போகாத ஊருக்கு இனிக் கையெழுத்து இடாதீர். மற்றவை எல்லாம் அதற்குப் பின்' என்பதே முதலிற் சொன்னது. இட்டுவிட்டவற்றை அவர் மறைக்க வேண்டுவதில்லை. எந்நாள், எச்சீட்டு, யார் கேட்டு என்பதை நினைவுள்ளபொழுதே நாளிட்டு எழுதி வைத்துக்கொள்ளல் வேண்டும். தாம் கண்டதையும் பிறர் சொல்லக் கேட்டதையும் தனித்தனியே எழுத வேண்டும் என்றோம். அவர் கொணர்ந்த தாளில் இரண்டும் கலந்திருந்தன. கருவி பற்றி அவர் ஐயுற்றதில் ஒன்று, இசைவு பெற்றுத் தலைப்பு மாற்றிய செலவாக இருக்கக் கூடும் என்பதையும் எடுத்துக்காட்டினோம். அவர் முகம் சிறிது வாடிற்று. தம் நெறியாளரைக் குற்றமற்றவராகக் காண அவர் விரும்பினாரா, குற்றமுடையவராகக் காண விரும்பினாரா என்பது அப்பொழுது அவர்க்கே தெளிவில்லை என எமக்குத் தோன்றிற்று. ஐந்தாண்டு தம்மைப் பயிற்றியவரை ஒருவர் அவ்வளவு எளிதில் வெறுத்துவிட முடியாது.

தனியே செல்லல் ஆகாது என்பதையும் வற்புறுத்தினோம். அத்திட்டத்தில் பணியாற்றும் இன்னொரு மாணவரிடமும் திருப்பித்தருதல் கேட்கப்பட்டது எனப் பின்னர்த் தெரிந்தது. இருவருமாகச் சென்று, நெறியாளர் கையின்கீழ் இல்லாத நிதி அலுவலரிடம், எவர்மீதும் குற்றம் கூறாது, தம் பெயரில் எழுதப்பட்டுள்ள பயணச் செலவுகளின் படியைத் தருமாறு எழுத்தில் கேட்பது என முடிவாயிற்று. தம் பெயரில் உள்ள கணக்கைத் தாம் கேட்பதைத் தவறென்று கூற எவராலும் இயலாது. நிறுவனத்திற்குள் விடை வாராதாயின் நல்கை தந்த அமைப்பிற்கு எழுதுவது. பழிவாங்கல் நேரின் நெறியாளரை மாற்றித் தருமாறு கேட்பது. அதனால் ஓராண்டு வீணாகக்கூடும் என்பதை யாம் மறைக்கவில்லை. ஓராண்டன்று, பட்டமே கைவிட்டுப் போகவும் கூடும் என்று அவரே கூறினார். அதனை மறுக்கும் சான்று எம்மிடம் இல்லை.

விண்ணப்பம் கொடுத்து நாற்பது நாட்கள் ஆகின்றன. சீட்டுகளின் படி இன்னும் கிடைத்திலது. ஆனால் அவ்விண்ணப்பம் சென்ற பின்னர், இருவரிடமும் உதவித்தொகையில் பங்கு கேட்பது நின்றுவிட்டது. ஏன் நின்றது என்பதை எவரும் அவர்கட்குச் சொல்லவில்லை. தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் இரண்டாவது விண்ணப்பத்தை எழுதி எம்மிடம் காட்டினார். அதில் இரண்டு இடங்களில் 'மோசடி' என்றிருந்ததை அடித்து, 'வரவு செலவு விவரம்' எனத் திருத்திக் கொடுத்தோம்.